முதல் வரியை வெட்டச் சொன்னவன்

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்த முறை யாரையும் எழுதச் சொல்லவில்லை, இதை நானே எழுதுகிறேன். மருமகளிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்.

நேற்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இங்கே தோண்டிய பள்ளத்தில் மின்சார கேபிளைக் கயிறு கட்டி இழுக்கும் பையன்கள் நான்கு மொழிக்காரர்கள். ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. அவரவர் ஊர்ப் பாட்டை முறைவைத்துப் பாடித்தான் சேர்ந்து இழுக்கிறார்கள். ஒருவன் முதல் வரி பாடும்போது மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். பிறகு எல்லோரும் "ஐலசா" என்று இழுப்பார்கள்.

சூப்பர்வைசர் நம் மொழிக்காரன்தான். "முதல் வரி எதுக்கு? ஐலசா மட்டும் பாடுங்க, சீக்கிரம் முடியும்" என்றான். அப்படி இழுத்ததில், குட்டையன் என்று நாங்கள் கூப்பிடும் பையன் கண் இருட்டி விழுந்தான். பயப்படாதே, தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், அந்த வரியிலதான்யா அவனுங்க மூச்சு விடுறானுங்க! அதையும் வெட்டுவியா?" என்று கத்தினேன்.

"பெருசு, கேபிள் உருளையைச் சுத்துறதுதான் உன் வேலை. அதைப் பாரு."

பையன்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள். குட்டையனே தன் மொழியில் முதல் வரியை எடுத்தான். நீட்டி நீட்டிப் பாடினான். முடியும்வரை ஒருவனும் கயிற்றைத் தொடவில்லை. அந்தச் சூப்பர்வைசர் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும்!

அடுத்த வாரம் நம் பாட்டின் முறை. என்னைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். உனக்குத் தெரிந்ததில் மிக நீளமான முதல் வரியை மருமகளிடம் சொல்லி எழுதி அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். போனில் நீயே பாடி அனுப்பிவிடாதே. உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

உன் வீட்டுக்காரன்