பதினோரு கறுப்பு ஜன்னல்கள்

அண்ணா,

இடிப்பதற்கு முன் பதிவுக்காக நீ வரைந்து கேட்ட பழைய மாளிகையின் முகப்பை, நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தே வரைந்துவிட்டேன். தூணின் பூவேலைப்பாடு மட்டும் பிடிபடவில்லை. அதனால் இன்று நேரில் போனேன்.

போட்டோவில் தட்டையாகக் கிடந்த தூண், நேரில் அரையடி துருத்திக்கொண்டு நிற்கிறது. நிழல் நகர நகர அழித்து அழித்து வரைந்தேன். அப்போது மேலே ஒரு ஜன்னல் திறந்தது. போட்டோவில் இருட்டாகத் தெரிந்ததால் நான் மை பூசி மூடிய பதினோரு ஜன்னல்களில் அதுவும் ஒன்று. ஒரு அம்மா ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தார்.

“வரையறியா கண்ணு? கொடியில இருக்கறத எடுத்துடட்டுமா? போன தடவை போட்டோ எடுத்த சார், துணி ஒண்ணுகூடத் தெரியக் கூடாதுன்னு சத்தம் போட்டாரு.”

அந்த சார் நீதான் என்று புரிந்தது. “வேணாம்மா, இருக்கட்டும்” என்றேன்.

அந்த அம்மாவிடம் கேட்டேன்: பதினோரு ஜன்னலுக்குப் பின்னாலும் பதினோரு குடும்பம். இடிப்புக்காக நீ எழுதிய அறிக்கையில் ‘யாரும் குடியில்லை’ என்றிருக்கிறது. எப்படி மனசு வந்தது? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டை, பாவாடை, குழந்தையின் ஜட்டி எல்லாவற்றையும் வரைந்திருக்கிறேன். திங்கட்கிழமை ஆபீசுக்கு உன் அறிக்கையோடு இந்தப் படமும் போகும்; நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குள் அந்த ஒரு வரியை நீ திருத்தலாம். திருத்தாவிட்டாலும் படம் போகும்.

உன் தங்கை