பச்சைக்கறியில் பெருஞ்சீரகம்

மாமா,

பாங்கொக்கில் இருந்து நீங்கள் காவிக்கொண்டு வந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இன்று காலையில் உடைந்துவிட்டது. உடைத்தவர் ராசன் அண்ணை. நீங்கள் முந்தி வேலை செய்த ரெஸ்ரோறண்ட் குசினியில் உங்களுக்கு முன் நின்றவர், உங்களுக்கு வேலை பழக்கியவர். இப்போது பென்ஷன் எடுத்துக்கொண்டு பாரிசுக்கு வெளியே சார்செலில் இருக்கிறார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அடிக்கடி ரெயில் ஏறி, பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து, எங்கள் கடைக் குசினியில் அந்த ஸ்டூலில் இருந்து வெங்காயம் உரித்துத் தருவார். இன்றைக்கு அவர் இருந்ததும் நாலு காலும் நாலு பக்கமாக விரிந்தன.

நிலத்தில் கிடந்தபடியே, "உன்ரை கொம்மான் வாங்கின சாமான் எண்டா இப்பிடித்தான் இருக்கும்," என்றார்.

"மாமா வாங்கினது உங்கடை எடைக்கு இல்லை," என்றேன்.

சிரித்தோம். பிறகு அவர் வெங்காயத்தைச் சாட்டாக வைத்துக் கண்ணைத் துடைத்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஸ்டூலுடன் பாங்கொக் விமான நிலையத்தில் நீங்கள் நின்ற கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வரிசை நகர நகர, எழும்பி ஸ்டூலை ஓர் அடி தள்ளி வைத்து, திரும்ப அதில் இருந்தீர்கள். நான் உங்களைத் தெரியாதவள் மாதிரித் தூரத்தில் நின்றேன். நீங்களா விடுகிற ஆள்? "எடி பிள்ளை, கால் நோகும், கொஞ்ச நேரம் நீ இரு!" என்று கத்தினீர்கள். முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நான் இருப்பதற்குள் அதில் இருந்துவிட்டார். ஒரு சொல்லும் விளங்காமலே நீங்கள் இருவரும் சினேகிதர் ஆகிவிட்டீர்கள்.

எதற்காகப் போனோம் என்று இன்னும் கேட்கிறார்கள். ஊருக்குப் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை, கலியாண வீடும் இல்லை. சாப்பிடப் போனோம். அதைச் சொன்னால் எங்கள் சனம் நம்பாது.

அந்த நேரம் நான் பல்கலைக்கழகத்தை முதலாம் வருடத்திலேயே விட்டிருந்தேன். பிறகு பிடித்த பேக்கரி வேலையையும் விட்டு, அதற்குப் பிறகு பிடித்த சுப்பர்மார்க்கெட் வேலையையும் விட்டிருந்தேன். அம்மா என்னோடு கதைப்பதை விட்டிருந்தார். நீங்கள் நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஒரு தாய்லாந்து ரெஸ்ரோறண்டில் தலைமைச் சமையல்காரர். பத்ரோன், அதாவது முதலாளி, சீனர், சாப்பிட வருவது பிரெஞ்சுக்காரர், குசினியில் நிற்பது முழுக்க எங்கள் ஆட்கள். தாய்லாந்தில் இருந்து வந்தது என்று அங்கே இருந்தது சுவரில் தொங்கிய யானைப் படம் ஒன்றுதான். அதுவும் எனக்கு ஊரில் வற்றாப்பளைக் காட்டு யானை மாதிரித்தான் தெரிந்தது.

லா சப்பலில் குறுக்குத் தெரு ஒன்றில் ஒரு சின்னக் கடை காலியானது. உங்களுக்கு அதில் ஆசை. சொந்தமாகத் தாய்லாந்துப் பச்சைக்கறியும் நூடில்ஸும் போட வேண்டும், பரிமாற நான் நிற்க வேண்டும். எல்லாம் கதைத்தாயிற்று. வாடகை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நீங்கள் போடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தீர்கள்.

"இவ்வளவு காலமும் நான் சமைச்சது பிழையெண்டா என்ன செய்யிறது? பத்ரோன்ரை கடையிலை பிழை விட்டா பத்ரோன்ரை பேர். என்ரை கடையிலை எண்டா?"

"அப்ப போய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ."

"எங்கை போய்?"

"பாங்கொக்குக்கு. வேறை எங்கை, வவுனியாவுக்கே?"

அம்மா குசினிக்குள் இருந்து, "ரெண்டுக்கும் விசர்!" என்றார். என்னோடு கதைக்காமல் இருந்தவர் கதைத்த முதல் வசனம். பெட்டி கட்டும்போது அதே அம்மாதான் மிளகாய்த்தூள் போத்தலை உங்கள் உடுப்புக்குள் செருகினார். லா சப்பல் ஆட்கள் சந்திரனுக்குப் போனாலும் அந்தப் போத்தல் போகும். நீங்களும் உங்கள் பங்குக்கு, வறுத்து இடித்த பெருஞ்சீரகத்தை ஒரு சின்னப் பையில் கட்டிச் சட்டைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டீர்கள். அது போடாமல் உங்கள் பச்சைக்கறி அடுப்பில் இருந்து இறங்காது.

பாங்கொக்கில் முதல் மத்தியானம், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். வாய்க்கால் ஓரம் ஒரு தள்ளுவண்டிக் கடை. பெரிய குரலில் கதைக்கிற ஒரு மனிசி, முன்னால் வரிசையாகக் கறிச் சட்டிகள். மற்றவர்கள் கறியைக் கை காட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒவ்வொரு சட்டிக்கும் மேல் குனிந்து மணந்தீர்கள். அவர் கரண்டியால் உங்களை விலத்தினார். வேர்வை ஒழுக ஒழுக, அந்தச் சிவப்பு ஸ்டூலில் இருந்து முதல் வாய் வைத்தீர்கள். பிறகு கோப்பைக்குள் எதையோ நோண்டி எடுத்து எனக்குக் காட்டினீர்கள்.

"எடி, இது எங்கடை சுண்டங்காயெல்லோ!"

"அதுதானே போட வேணும்? நீங்கள் பாரிசிலை என்ன போடுறனீங்கள்?"

"பச்சைப் பட்டாணி."

"ஏன்?"

"உருண்டையாப் பச்சையா ஏதோ கிடக்கு எண்டு படத்திலை பாத்தனான்."

நான் சிரித்த சிரிப்பில் மனிசி இன்னொரு கோப்பை சோறு கொண்டுவந்து வைத்தார். நீங்கள் சிரிக்கவில்லை. இன்னொரு வாய் வைத்து, நாக்கில் தேடினீர்கள். "பெருஞ்சீரகம் இல்லை," என்றீர்கள். மறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தீர்கள் போல. அடுத்த தெருவில் சாப்பிட்டோம், இல்லை. சந்தைக்குள் சாப்பிட்டோம், இல்லை. குளிரூட்டிய பெரிய கடை ஒன்றில் துணி விரித்த மேசையில் சாப்பிட்டோம், அங்கேயும் இல்லை. கறி எல்லாம் நல்ல கறி. தண்ணியாக, இனிப்பாக, பிறகு உறைப்பு பின்னால் இருந்து வந்து அடிக்கும். நான் வழித்து வழித்துச் சாப்பிட்டேன். உங்களுக்குக் கோப்பைக்குக் கோப்பை முகம் சுருங்கியது.

பின்னேரம் ஹோட்டல் படியில் இருந்தோம்.

"மாமா, உங்கடை கறி பிழை," என்றேன்.

"உனக்கு வாய்க்கு ஒரு படலை இல்லையோடி?"

"சோதினைக்கு வந்தனீங்கள். ரிசல்ட் சொல்லுறன்."

"நீ எந்தச் சோதினை எழுதிக் கிழிச்சனீ?"

"ஒண்டும் எழுதேல்லை. அதாலைதான் பயமில்லாமல் சொல்லுறன்."

சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு ராசன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தீர்கள். பாரிசில் அப்போது மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டீர்கள்.

"அண்ணை, பச்சைக்கறிக்குப் பெருஞ்சீரகம் போடச் சொன்னது ஆர்?"

"ஏன், ஆரும் சத்தி எடுத்திட்டினமோ?"

"இல்லையண்ணை. இஞ்சை ஒருத்தரும் போடினமில்லை."

"எங்கை இஞ்சை?"

"பாங்கொக்."

அவர் மென்றதை விழுங்கித் தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது.

"நீங்கள் பாங்கொக்கிலை இருந்தனான் எண்டு சொல்லித்தானே அண்ணை பத்ரோனிட்டை வேலை எடுத்தனீங்கள்?"

"இருந்தனான்தான். ஆர் இல்லையெண்டது? பிரான்சுக்கு அனுப்புறன் எண்டு காசு வாங்கின ஏஜென்சிக்காரன் அறைக்குள்ளை வைச்சுப் பூட்டினவன். வெளியாலை விட்டாத்தானே கடையிலை சாப்பிட? யன்னலுக்குக் கீழை ஒரு மனிசி கறி விக்கிறவா. மணம் மட்டும் மேலை வரும். நாங்கள் அந்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு சோறும் பருப்பும் தின்னுவம்."

"அப்ப பெருஞ்சீரகம்?"

"அது பருப்புக்குப் போட்டது. பாரிசிலை முதல் தரம் அந்தக் கறி வைக்கேக்கை, என்ரை மூக்குக்கு அது இல்லாமல் பாங்கொக் வரேல்லையடா. ரெண்டும் ஒண்டாத்தானே மணத்தது."

நீங்கள் தொலைபேசியை மடியில் வைத்தீர்கள். எதிரே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் உங்களைப் பார்க்காமல் அவற்றைப் பார்த்தேன். கொஞ்சம் கழித்து உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று பயந்துபோனேன். திரும்பினால், சிரிக்கிறீர்கள்.

"மனிசன் மூக்காலை சமையல் படிச்சிருக்கிறார்! நான் அவரைப் புரொபெசர் எண்டு நினைச்சு ஒரு மணி குறையாமல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறன்!"

அடுத்த நாள் திரும்ப அந்த வாய்க்கால் கடைக்கே போனோம். அதே ஸ்டூல், அதே கறி. சட்டைப் பொக்கெற்றில் இருந்து பையை எடுத்து ஒரு சிட்டிகை தூவிக் கலந்து, கோப்பையை அந்த மனிசியிடம் நீட்டினீர்கள். அவர் சமைத்த கறிக்கு அவர் முன்னாலேயே தூள் போடுகிற ஆளை நான் என்றால் கரண்டியால் அடித்திருப்பேன். அவர் முகர்ந்தார், ஒரு கரண்டி வாயில் வைத்தார். மூக்கைச் சுருக்கி, கையை விசுக்கி, அவர்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோப்பையைத் திருப்பித் தரப்போனவர், கொஞ்சம் யோசித்து, இன்னொரு கரண்டி எடுத்தார்.

"கண்டியே?" என்றீர்கள். "வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப எடுத்தவா."

"அது ஆசையோ, சந்தேகமோ தெரியாது மாமா."

"எதெண்டாலும் கடை நடத்தலாம்."

அப்படியே எழும்பி, நீங்கள் இருந்த ஸ்டூலைத் தூக்கி, அதை விலைக்குத் தரச் சொல்லிக் கையால் கதைத்தீர்கள். தலை கழன்ற வெளிநாட்டுக்காரர் என்று நினைத்திருப்பார். தந்துவிட்டார்.

திரும்பி வந்த கிழமையே கையெழுத்துப் போட்டீர்கள். சுண்டங்காய் வாங்க எங்கள் தெருவுக்கு வெளியில் காலடி வைக்கத் தேவையில்லை என்றதும் உங்களுக்கு வந்த வெட்கத்தை நான் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். பட்டாணி போனது. பெருஞ்சீரகம் நின்றது. பெயர்ப்பலகையில் தாய்லாந்து என்று எழுத விடவில்லை நீங்கள்.

திறந்த கிழமை ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வந்தார். மகன் தாய்லாந்தில் வேலை செய்கிறானாம். அங்கே போய்ச் சாப்பிட்ட கதையெல்லாம் சொல்லி, கறியைக் காட்டி, "இது அசலானதா?" என்று பிரெஞ்சில் கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, உங்கள் உடைந்த பிரெஞ்சில், "நொன் மதாம். இது என் கறி. நல்லாயிருந்தால் சாப்பிடுங்கள்," என்றீர்கள். பத்ரோன் கடையில் வாடிக்கையாளர் முன்னால் வராமலே இருந்த மனிதர். மதாம் சாப்பிட்டார். சோறு குழைந்துவிட்டது என்று குறையும் சொன்னார். அதற்கும் ஓம் என்றீர்கள்.

அந்தக் கடையில் நீங்கள் நின்றது ஒரு வருடம்கூட இல்லை. குளிர் தொடங்க நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், அவ்வளவுதான். நான் கடையையும் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் காத்திருந்தேன். விடியும், போய்க் கதவைத் திறப்பேன், அடுப்பு மூட்டுவேன், நாள் போய்விடும். விட நேரம் கிடைக்கவில்லை மாமா.

போன தேர்த்திருவிழாவுக்குத் தெருவெல்லாம் தேங்காய் உடைத்துக் கிடந்தது. கடை வாசலில் நின்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். சார்செலுக்குப் பக்கத்தில் கார்ஜ் என்கிற ஊரில் இருந்து வந்த ஒரு அன்ரி, அம்மாவுக்குத் தெரிந்தவர், பட்டுச் சேலையும் கையில் மோருமாக நின்று, "பிள்ளை இப்ப என்ன படிக்கிறீர்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரு பொய் தயாராக வைத்திருப்பேன். ஒருதரம் சட்டம், ஒருதரம் கணக்கியல். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"படிக்கேல்லை அன்ரி. கறி வைக்கிறன்."

பக்கத்தில் நின்ற அம்மா நிலத்தைப் பார்த்தார். அன்ரி மிச்ச மோரை ஒரே மடக்கில் குடித்தார். நான் நிலத்தைப் பார்க்கவில்லை மாமா. மோர்க் குவளையை வாங்கிக்கொண்டு, "உள்ளை வாங்கோ, சாப்பிட்டுப்போட்டுப் போகலாம்," என்றேன். எனக்கு முந்தி அம்மாதான் உள்ளே போய் அன்ரிக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.