நீ அழித்த கடைசி வரி

இன்று காலை அலுவலகத்தில் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தேன். வரிக்கு இரண்டு எண்கள், ஏதோ ஒரு நிலத்தின் மூலைகள். கடைசி வரி விடுபட்டிருந்தது. அதற்குமேல் வேலை ஓடவில்லை. படிக்க நீ இல்லை என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் மாடியில் இருந்த அந்தச் சர்வே ஆபீஸில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். நான் சாத்தூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். நீ பிள்ளைப்பாக்கத்திலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவாய். தொழிற்பேட்டைக்கு எடுக்கப்போகும் வயல்களை அளந்து ஆட்கள் எண்களைக் கொண்டுவருவார்கள். சர்வே எண்ணுக்கு ஒரு கோப்பாக நீ அடித்து வைப்பாய். நான் எழுதிய புரோகிராம் அத்தனை கோப்புகளையும் ஒரே ஓட்டத்தில் படித்து, வயல் வயலாக வரைபடத்தில் வரைந்துவிடும். முதல் மூலையின் எண்களையே கடைசி வரியிலும் எழுதினால்தான் உருவம் மூடும். மூடாதவை தனியே ஒதுங்கும். அவற்றைத் திருத்தி அடுத்த மாதப் பட்டியலில் சேர்ப்போம். பட்டியலில் வந்த நிலத்தைத்தான் சமப்படுத்த ஆரம்பிப்பார்கள்.

ஒதுங்கும் கோப்புகள் அதிகமாகின்றன என்று மேனேஜர் ஒருநாள் என்னைத் திட்டினார். அன்று மதியமே புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். திறந்து கிடக்கும் உருவத்தை இனி அதுவே மூடிக்கொள்ளும். ஒன்றுகூட ஒதுங்கவில்லை. மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நீ டம்ளரைத் தொடவேயில்லை.

"எல்லாமே வந்துட்ச்சா?" என்று கேட்டாய்.

"எல்லாமே," என்றேன், பெருமையாக.

பத்து நாள் கழித்து, முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, முகம் வீங்கி வந்தாய். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சொன்னாய்.

"நேத்து எங்க கழனில பொக்லைன் எறங்கிட்ச்சுடி. கதிரு பால் புடிச்சு நின்னுக்கினு இருந்துச்சு."

"உங்க வயலா? நம்ம லிஸ்ட்லயா இருந்துச்சு?"

"நெலம் போவும்னு தெரியும். இந்த போகம் மட்டும் அப்பா அறுத்துக்கட்டும்னு கடைசி வரிய அழிச்சு வெச்சேன். ஒரு மாசம் தள்ளிப்போவும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீயும் சேந்து மாட்டிக்குவ."

நிலத்தை அளந்த ஆபீஸில் இருந்துகொண்டு, தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்று உன் அப்பா உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். வரியை அழித்த கதையை நீ சொன்னபோது அவர் நம்பவில்லை.

"நீ ஒரு தபா வூட்டுக்கு வந்து சொல்றியா? நீ சொன்னா நம்புவாரு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். வரவில்லை. கோப்பில் கைவைத்த விஷயம் வெளியே கசிந்தால் என் வேலையும் போய்விடும் என்று பயம். திங்கட்கிழமை நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவேயில்லை. கொஞ்ச நாளில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குப் போய்விட்டாய். உன் கல்யாணத்துக்கு வந்தேன். உன் அப்பா தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமலே மேடையிலிருந்து இறங்கிப் போனார். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

போன மாதம் உன் தம்பி போன் செய்தான். நீ ஒரு வருஷமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததே எனக்குத் தெரியாது. காரியத்துக்குப் போனேன். பந்தியெல்லாம் முடிந்த பிறகு உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: நீ அழித்ததை, நான் மூடியதை, அந்த ஞாயிற்றுக்கிழமையை.

"அது அப்பவே சொல்லிச்சும்மா," என்றார். "நாந்தான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். நீ அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா?"

இப்போதெல்லாம் அவர் சாப்பிடுவதில்லை, உன் பேரைச் சொல்லியே அழுகிறார் என்று தம்பி சொல்கிறான். இத்தனை வருஷமும் உன் மேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடியிருக்கிறார். உனக்கு ஒன்றுக்கும் உதவாத நேரத்தில் போய், அதையும் அவரிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.