அத்தை மூன்றாம் முறை கேட்டால்

ஃபர்வர்தீன் 8, இஸ்ஃபஹான்

இதை யார் கண்டெடுத்தாலும் யாரிடமும் காட்டிவிடாதீர்கள். தூரான் அத்தையிடம் வேண்டவே வேண்டாம். காருக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் கூடாரத்தில் தூங்குகிறார்கள்.

ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறைக்கும் இதே ஆற்றங்கரைப் பூங்காதான். அப்பா கூடாரம் அடிப்பார். அத்தை பானை நிறைய ஆஷ் கஞ்சி கொண்டுவந்து, மோதிரத்தால் கார் கண்ணாடியைத் தட்டித் திட்டுவாள்.

"அக்கா வீடு பக்கத்துல இருக்க, இவன் பார்க்ல படுக்கிறான். ஊர் என்னைப் பத்தி என்னடா நினைக்கும்?"

"உனக்குச் சிரமம் வேணாம்னுதான்க்கா."

"சிரமமாம். அப்ப என் ஆஷை மட்டும் ஏன் திங்கிற?"

இன்றும் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அத்தை என்னைக் காட்டிச் சொன்னாள்: "மஹ்னூஷையாவது என்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"உங்க பொண்ணுதானேக்கா, எடுத்துக்கோங்க" என்றாள் அம்மா.

உபசாரப் பேச்சு. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் கார் டிக்கியில் என் குளிர்காலக் கோட்டு இருக்கிறது. வசந்தத்தில் அது எதற்கு?

ஃபர்வர்தீன் 9

ஒட்டுக்கேட்டேன். அப்பாவுக்குத் தெற்கே ஒரு துறைமுகத்துக்கு மாற்றல். அங்கே என் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

"நானா எப்படிக் கேக்கிறது? அக்கா மூணு தடவை கேக்கட்டும், சரின்னுடலாம்" என்றார் அப்பா. அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

ஒருமுறை கேட்டால் மரியாதை. இரண்டாம் முறையும் மரியாதைதான். மூன்றாவது நிஜம், அதை மறுக்கக் கூடாது.

ஒன்று முடிந்துவிட்டது.

ஃபர்வர்தீன் 10

முப்பத்து மூன்று கண் பாலம். எனக்கு ஆறு வயதில் இங்கே தண்ணீர் நிறைய இருந்தது. அன்ன வடிவப் படகில் அப்பா மட்டும் பெடல் மிதித்தார். அம்மா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். படகு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. கரையிலிருந்து அத்தை, "கப்பல் எப்போ வந்து சேரும்?" என்று கத்தினாள்.

இன்று ஆற்றுக்குள் செருப்போடு நடந்தோம். மண் வெடித்துக் கிடக்கிறது. வழக்கமான பாலக் கண்ணுக்குக் கீழே அம்மா என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாள், பல தடவை. "கொஞ்சம் சிரிடி."

அத்தை குனிந்து என் செருப்புத் தூசியைத் தட்டினாள். "ஜன்னலோர ரூம் சும்மாதானே கிடக்கு. இவ இருக்கட்டுமே."

"ஐயோ, உனக்கு எதுக்குக்கா தொந்தரவு?" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு.

ஃபர்வர்தீன் 11

ஆலி காப்பு மாளிகை வாசல் மண்டபத்தில் ஒரு மூலைச் சுவரோடு பேசினால் எதிர்மூலையில் கேட்கும். வருடா வருடம் அப்பா அங்கிருந்து, "அரண்மனைச் சமையல்கட்டா? ரெண்டு கபாப் பார்சல்" என்பார். "ராஜாவே தின்னுட்டார்" என்பேன் நான்.

இன்று கபாபுக்குக் காத்திருக்க முடியவில்லை. சுவரில் முகத்தைப் புதைத்துச் சொல்லிவிட்டேன். "என்னை விட்டுட்டுப் போகாதீங்கப்பா. அத்தை வீட்ல எனக்குப் பயமா இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். எதிர்மூலையில் அத்தை நின்றிருந்தாள். அப்பா வாசலுக்கு வெளியே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார்.

அத்தை வந்து என் முக்காட்டைச் சரிசெய்தாள். "சுவரு என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

கேட்டிருக்குமா? கேட்காமல் எப்படி இருக்கும்?

ஃபர்வர்தீன் 12

நாளை புத்தாண்டின் பதிமூன்றாம் நாள். வழக்கப்படி காட்டிலும் வெளியிலும் பொழுதைக் கழித்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். மாலை டீ குடிக்கும்போது அப்பா, "மஹ்னூஷுக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிக்கும்க்கா" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அம்மா கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை கற்கண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"பிடிச்சா அடுத்த வருஷமும் வரட்டும். டீ ஆறிப்போயிருந்துச்சு, வேற ஊத்து."

அப்பா காத்திருந்தார். அத்தை கேட்கவில்லை.

கடைசியில் அம்மாதான் பேசினாள். "அப்ப நானும் இவளும் அராக்ல நம்ம வீட்லயே இருந்துடறோம். நீங்க லீவுக்கு வந்து போங்க." அப்பா தலையாட்டிவிட்டு அடுப்பை அணைத்தார். அடுத்த வருடம் அந்த மூலையில் யார் கபாப் கேட்பார்?

அத்தை இன்று வீட்டுக்குப் போகவில்லை. "இந்தக் கூடாரத்துல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கிறேன்" என்றாள். அவளுக்குப் போர்வை எடுத்துவர என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலோர அறைக் கதவு திறந்திருந்தது. புதுத் திரை. மேசைமேல் படிக்கிற விளக்கு. அலமாரிக் கம்பியில் காலியாக ஒரே ஒரு ஹாங்கர்.

முதல் தடவையே நிஜமாகத்தான் கேட்டிருக்கிறாள்.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்னவென்று சொல்ல? அறை நன்றாக இருந்தது என்றா, இல்லை —

கார் கண்ணாடியில் தட்டுகிறார்கள். மோதிரச் சத்தம்