படங்கைப் பிடித்த கை

2001 ஜூன் 14, வியாழன்

இன்று மாலை தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மகளைக் கூட்டிவரப் போனபோது அங்குள்ள ஆயா சொன்னார்: "ரெண்டு வாரமா ஒங்க புள்ள இங்க துணிய நனைக்கிறதே இல்லீங்க. ஒண்ணுக்கு வந்துச்சுன்னா என் சீலையப் புடிச்சு இழுக்குது. நானும் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போயிர்றேன்."

"வீட்டுல அப்படி ஒண்ணும் செய்யலையே" என்றேன். சொல்லும்போதே நினைவு வந்துவிட்டது.

தினமும் காலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவதற்காக, சேலை நனையாமலிருக்க நான் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும்போது, வந்து அதைப் பிடித்து இழுக்கிறாள். வேலைக்குப் போகவிடாமல் மறிக்கிறாள் என்றே நினைத்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் அவள் விரல்களைப் பிரித்துவிடுவேன். நின்ற இடத்திலேயே துணியை நனைத்துவிடுவாள். நேற்று அதற்கு அடித்தேன். இரண்டு வயதுதான் ஆகிறது.

கை வலிக்கிறது, எழுத முடியவில்லை. வெளியே மழை. கக்கூஸ் எங்கள் லய வீட்டு வரிசைக்குக் கீழே இருக்கிறது. இப்போது தூக்கத்தில் என் சேலையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். எழுப்பித் தூக்கிக்கொண்டு போவதா, அப்படியே விடுவதா?

ஆயாவாக இருந்தால் தெரிந்திருக்கும்.