அளவுக் கம்பி விழுந்த இடம்

அன்பு வாலுக்கு,

இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் முழங்காலைத் தவிர. அது மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கும், கடைத்தெரு என்றால் வலிக்காது. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, உன் இருமல் விட்டதா. நம் பெட்ரோல் பங்க்கில் பழைய தொட்டிகளை எடுத்தாயிற்றா என்று போனில் மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் பேச்சை மாற்றினேன். சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியில் குறுக்கே பாய்வாய், நானும் கோபத்தில் எதையாவது சொல்லித் தொலைப்பேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படி.

பழைய தொட்டிகள் இனி மண்ணுக்குள் இருக்கக் கூடாது என்று போன வருஷமே உத்தரவு வந்ததும், நான் இழுத்தடித்ததும் உனக்குத் தெரியும். போன மாதம்தான் ஆட்கள் வந்தார்கள். மிச்சமிருந்த எண்ணெயை உறிஞ்சி லாரியில் ஏற்றி, உள்ளே ஆவி தங்காமல் வெளியேற்றி, வாயு அளக்கும் கருவியை விட்டுப் பார்த்த பிறகுதான் மேற்பார்வையாளர் தரையை உடைக்கவே விட்டார். உன் அப்பா தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் யோசனை சொன்னார், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. ஆபீஸ் அறைக்கு அடியில் இருக்கிற மண்ணெண்ணெய்த் தொட்டியைத் தோண்டினால் சுவரே இறங்கிவிடுமாம், அதை மட்டும் கழுவி, சிமெண்டும் மணலும் கரைத்து ஊற்றி, அங்கேயே மூடிவிட்டார்கள். பெட்ரோல் தொட்டி கிரேனில் மேலே வந்தது, துருவைத் தவிர ஒரு குறையும் இல்லை. டீசல் தொட்டியைப் புரட்டியபோதுதான் மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு அடித்தகட்டைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்ந்து, நடுவில் பென்சில் முனை போகிற அளவுக்கு ஓட்டை. மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருக்கும்போது இங்கே மட்டும் எப்படி என்று கேட்டேன். இதுக்கு நேர் மேலதாம்மா அளவுக் கம்பி விடுற குழாய் இருக்கு, தினமும் அதே இடத்துல போட்டு இடிச்சிருக்கீங்க என்றார்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் நீ ஒரு நாள் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்கக் கம்பியை விடாமலே முந்தின நாள் அளவை எழுதி வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா. அன்றைக்குச் சட்டம் போட்டவள் நான். கம்பி அடியில் மோதுகிற டங் சத்தம் ஆபீஸ் அறையில் எனக்குக் கேட்டால்தான் அளந்ததாக நம்புவேன் என்றேன். ஒரு நாள் நீ மெதுவாக இறக்கினாய், தொட்டி அடிபடும்மா என்றாய், சோம்பேறி சாக்குச் சொல்லாதே, மறுபடி போடு என்று பங்க்கு ஆட்கள் நாலு பேர் முன்னால் திட்டினேன். நீ போன பிறகு வந்தவர்களுக்கும் அதே சட்டம்தான். கணக்கில் கொஞ்சம் குறையும்போதெல்லாம் வெயிலில் ஆவியாகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டைக்குக் கீழே மண் கறுத்து வாடை அடித்தது. பக்கத்தில் செடி விற்கிற அக்காவின் கிணறு இருபது அடி தூரம்கூட இல்லை. அவர் மருமகளுக்கு இது ஏழாம் மாதம், குடிப்பது அந்தத் தண்ணீர்தான். தண்ணீரைச் சோதித்து முடிவு வரட்டும், ஏன் வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்றார் அப்பா. அதற்குள் அந்தப் பெண் எத்தனை குடம் குடிப்பாள் என்று கேட்டேன். அன்றே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை, மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து நாள் குடிதண்ணீர் கேன்களை நானே கொண்டுபோய் வைத்தேன். எடுத்துக்கொள்வார், என் முகத்தைப் பார்க்கமாட்டார். உனக்குத் தெரியும், நான் யாருக்கும் பயந்தவள் இல்லை, ஆனால் அந்தப் பத்து நாளும் பயந்துதான் இருந்தேன்.

கறுத்த மண்ணையெல்லாம் வாடை நிற்கிற வரைக்கும் தோண்டி ஏற்றிக்கொண்டு போனார்கள், அடிமண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பினார்கள். பதினோராம் நாள் முடிவு வந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒன்றுமில்லை, குழியின் அடிமண்ணும் சுத்தம். தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா அதை இரண்டு தடவை படித்தார், மோட்டாரைப் போட்டார், ஒரு டம்ளர் பிடித்து என் முன்னால் வைத்து, முதல்ல நீ குடி என்றார். கடகடவென்று குடித்தேன். அதே டம்ளரில் பிடித்து அவரும் குடித்தார், அப்புறம்தான் மருமகளைக் கூப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்க்காத மாதிரி செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

புதுத் தொட்டிகள் இறங்கிவிட்டன, இரட்டைச் சுவர் வைத்தவை. அளவு ஆபீஸ் அறையில் திரையிலேயே தெரிகிறது. பழைய கம்பியை அக்கா கேட்டு வாங்கி அவரைக்கொடி படர நட்டிருக்கிறார், கொடி இப்போதே இரண்டு முழம் ஏறிவிட்டது.

என்னால்தான் ஓட்டை விழுந்தது என்று அங்கே உட்கார்ந்து மருகாதே, உன்னை எனக்குத் தெரியும். போட்டது உன் கை, போடச் சொன்னது என் வாய். நேரத்துக்குச் சாப்பிடு, இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த தடவை வரும்போது அக்கா வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி, கேட்டிருக்கிறார். அன்றைக்கு நாலு பேர் முன்னால் உன்னைத் திட்டினேனே, இந்தக் கடிதத்தை அந்த நாலு பேருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன்.

உன் அம்மா