மூன்று நாள் தூது

பணி நாள் 402, காலை
அதிர்வுக் குடில், என்சலடஸ்

வெளியே மைனஸ் 198. உள்ளே 17. காற்றழுத்தம் சரி. அதிர்வுமானிகளில் ஒன்று மட்டும் உறைந்து கிடக்கிறது. மற்றவை இயங்குகின்றன.

இதை யார் கண்டெடுப்பார்களோ தெரியாது, அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். என் பெயர் திருவேங்கடம். பனி அதிர்வியலில் முனைவர். வயது ஐம்பத்திரண்டு. சனியின் இந்த நிலாவில் பனித்தரைக்குக் கீழே கடல் இருக்கிறது, தரை முழுக்க விரிசல். நிலா சனியை விட்டு விலகும்போது விரிசல்கள் வாய் திறக்கும், நெருங்கும்போது மூடும். எந்த விரிசல் திறக்கும், எந்தத் தட்டு கெட்டியாக நிற்கும் என்று படம் வரைவது என் வேலை.

அறுபது கிலோமீட்டர் தள்ளித் துளைக் குடிலில் ஜெசிந்தா இருக்கிறாள். துளைப்பொறி இயக்குபவள், தூத்துக்குடிக்காரி. அவளுடைய பெரிய ஆன்டெனா போன மாதம் உடைந்துவிட்டதால், அவள் யாரிடம் பேசினாலும் என் கோபுரம் வழியாகத்தான் பேச வேண்டும். மேலே சுற்றும் தாய்க்கலத்தில் எங்கள் தலைவர் கருணாமூர்த்தி இருக்கிறார். என் முதல் விரிசல் படத்தைத் தன் பெயரை முன்னால் போட்டு வெளியிட்ட பெருந்தகை. அதற்குப் பிறகு நான் வரைந்த எதையும் மேலே அனுப்பவில்லை. 'திருத்தத்தில் உள்ளது' என்று எழுதுகிறேன். பன்னிரண்டு மாதமாகத் திருத்தத்தில் உள்ளது.

பணி நாள் 403, மாலை

வழக்கமான நாள். அதனால் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஜெசிந்தாவும் நானும் ஒரு பழைய வியூக விளையாட்டு ஆடுகிறோம். சோழர் காலத்துக் குறுநில அரசுகள். எனக்கு மலைநாடு, என் அரசன் செங்கோடன். அவளுக்குக் கடற்கரை, அவளுடைய அரசி முத்தரசி. நாளொன்றுக்கு ஆளுக்கொரு ஆட்டம்.

இந்த விளையாட்டை எல்லோரும் ஜெயிப்பதற்காக ஆடுகிறார்கள். தோற்றால் பழைய சேமிப்புக்குத் திரும்பி மறுபடி ஆடுவார்கள். நாடு முழுவதையும் பருந்து மாதிரி மேலிருந்து பார்ப்பார்கள். எந்த அரசனுக்கு அப்படிக் கண் இருந்தது? நான் எனக்கென்று கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். பின்னால் திரும்புவது இல்லை. மழை பொய்த்த ஊரில் வரி இல்லை. செங்கோடன் முன்கோபி, அதனால் அவமானப்பட்டால் நஷ்டம் என்று தெரிந்தும் படை அனுப்பியாக வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது: தூதன் வந்து சொல்லாத எதுவும் அரசனுக்குத் தெரியாது. கடற்கரையிலிருந்து மலைக்குக் குதிரையில் மூன்று நாள். ஆகவே ஜெசிந்தாவிடமிருந்து வரும் எந்தச் செய்தியையும் மூன்று நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்பேன். ஆட்டத்தையும் அரட்டையையும் அவள் ஒரே செய்தியில் கலந்து அனுப்புவதால் பிரித்து வைக்க வழியில்லை. தாய்க்கலம் கடல் கடந்த பேரரசு. அதன் ஓலைக்கு ஏழு நாள். கருணாமூர்த்தி ஒருமுறையும் ஏழு நாளில் கெட்டுப்போகும் அளவுக்கு முக்கியமான எதையும் சொன்னதில்லை.

அவசரச் செய்தி வந்தால் ஒலிக்கும் மணி ஒன்று உண்டு. அதை அவர்கள் மாதாந்திர அறிக்கையை நினைவூட்டவே பயன்படுத்தியதால் கம்பியைக் கழற்றிவிட்டேன். குரல் அலைவரிசையையும் அதோடு மூடிவிட்டேன்.

பணி நாள் 404, காலை

மூன்று நாளுக்கு முந்தைய தூதை இன்று திறந்தேன். அப்படியே பதிகிறேன்.

"அண்ணாச்சி, உங்க ராசா நான் அனுப்புன உப்பு வண்டிய இன்னும் பாக்கலையாக்கும்? உப்பு கரைஞ்சு மாடுதான் மிச்சம் இருக்கும். எங்க ராணி கேக்கா, மலைநாட்டு ராசாவுக்குக் கண்ணு தெரியாதா காது கேக்காதான்னு. நான் ஒண்ணு சொல்லட்டா? இந்த மூணு நாள் பூட்டி வைக்கதெல்லாம் சும்மா. நைசா தொறந்து பாத்துட்டு நல்லபிள்ளை மாதிரி இருக்கீய. ஒரு நாள் உங்களத் தொறக்க வைக்கேன், பாத்துக்கிட்டே இருங்க. தோத்தா உங்க காப்பித்தூள் பூராவும் எனக்கு."

நான் திறந்ததில்லை. ஒருமுறைகூட.

பணி நாள் 405, மதியம்

காலையிலிருந்து ஜெசிந்தாவிடமிருந்து ஐந்து தூதுகள். ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் அவள் அனுப்பியதே இல்லை. திரையில் பெயர் மட்டும் தெரிகிறது, வரிசையாக.

சொன்னபடி செய்கிறாள். என் காப்பித்தூளின் மேல் அவ்வளவு ஆசை. சிரித்தேன். வடிகட்டியைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியதுதான். மறுபடி போய்த் திரையைப் பார்த்தேன். ஆறாவது.

மாலை
தாய்க்கலத்திலிருந்தும் இரண்டு. பேரரசும் கூட்டு சேர்ந்துவிட்டது போல. குடிலில் நடக்க மொத்தம் எட்டு அடி. அதையே நடந்துகொண்டிருக்கிறேன்.

பணி நாள் 406, காலை

பெரும் அதிர்வு. துளைக் குடிலின் பக்கம். எல்லா மானிகளும் ஒரே நேரத்தில் எழுந்தன.

மூன்று மணி நேரம் கணக்கிட்டேன். துளைக் குடிலுக்குக் கிழக்கே இருக்கும் வழவழப்பான பனித்தட்டின் அடியில் ஓர் இளம் விரிசல் ஓடுகிறது. மேலே பனித்தூள் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மேற்கே கரடுமுரடாகக் கிடக்கும் மேடுதான் கெட்டி. இதை நான் இரண்டு வருஷத்துக்கு முன்பே, இங்கே இறங்குமுன்பே சொன்னேன். கூட்டத்தில் எல்லார் முன்பும் கருணாமூர்த்தி, "கற்பனை வளம் ஜாஸ்தி உங்களுக்கு" என்றார். இன்று அந்தக் கற்பனை வாய் திறக்கிறது. படத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்தேன். இந்த மகிழ்ச்சியை அனுபவித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

ஜெசிந்தாவின் குடில் கெட்டித் தட்டில் இருக்கிறது. என் படத்தின்படி அவளுக்கு ஆபத்தில்லை.

இன்று அவளிடமிருந்து தூது எதுவும் வரவில்லை. ஆட்டமும் வரவில்லை.

பணி நாள் 407

இன்றும் இல்லை.

சலித்துப்போய் நிறுத்தியிருப்பாள். அல்லது இதுவும் தந்திரம். சத்தம் போட்டுப் பார்த்தாள், நான் அசையவில்லை, இப்போது மௌனத்தால் இழுக்கிறாள். செங்கோடனாக இருந்தால் என்ன செய்வான்? எல்லைக்கு ஒற்றன் அனுப்புவான். எனக்கு ஒற்றன் இல்லை.

திறக்கும் பொத்தானின் மேல் இரண்டு முறை விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன். வேலை, வீடு, எழுதிய கட்டுரை எல்லாவற்றிலும் மற்றவர்கள் சொன்னதற்கு வளைந்து கொடுத்தவன் நான். நானே எனக்குப் போட்டது இந்த ஒன்றுதான். ஒரு பொட்டலம் காப்பித்தூளுக்காக அதை விடமாட்டேன்.

சாப்பிடவில்லை. எட்டு அடி. திரும்ப எட்டு அடி.

பணி நாள் 408, காலை 09:10

கெடு முடிந்தது. தாங்கிவிட்டேன். வரிசையாகத் திறக்கிறேன்.

முதல் தூது: "அண்ணாச்சி, ராணி சமாதானம் பேச வாரா. ரெண்டு படகு முத்து தாரேங்கா. பதிலுக்கு உங்க மலைத்தேன் வேணுமாம். ஏமாத்திராதீய."

இரண்டாவது: "அண்ணாச்சி, இது ஆட்டம் இல்ல. துளை போட்ட குழி வெடிச்சு வாயப் பொளந்துட்டு, குடில் ஒரு பக்கமா சாயுது. தத்துக்கிளில ஏறிட்டேன்."

தத்துக்கிளி என்பது அவளிடம் இருக்கும் தாவுவண்டி. எரிபொருள் குறைவு. இங்கு வரை வராது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் போகும்.

மூன்றாவது: "எந்தப் பக்கம் போவ? கெழக்கே வழவழன்னு எறங்க வாட்டமா இருக்கு. மேக்கே கரடு, கால் முறிஞ்சாலும் முறியும். உங்க படத்துலதான் தெரியும். ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி. கெழக்கா மேக்கா."

நான்காவது: "வெளயாடலன்னு எப்படிச் சொன்னா நம்புவீய? எங்க அம்மா மேல சத்தியம். காப்பித்தூள் வேண்டாம். நீங்கதான் ஜெயிச்சீய. தொறங்க."

ஐந்தாவது: "பேசுங்க அண்ணாச்சி."

ஆறாவது: "குடில் போகப்போகுது, அதோட அனுப்புற கம்பியும் போயிரும். இதுக்கப்புறம் என்னால பேச முடியாது, நீங்க பேசுனா கேக்க மட்டும் முடியும். காத்து நாலு நாளுக்குத்தான் காணும். கெழக்கே போறேன். அங்கன உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்."

09:30
குரல் அலைவரிசையைத் திறந்து, மேற்கே போ என்று அனுப்புகிறேன். மேற்கே போ ஜெசிந்தா. கிழக்குத் தட்டு திறக்கிறது. ஒரு தாவலுக்கு எரிபொருள் இருந்தாலும் போதும், மேற்கே. நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறேன். அவளால் பதில் சொல்ல முடியாது. கேட்கிறாளா என்று எனக்குத் தெரிய வழியில்லை.

தாய்க்கலத்தின் ஓலைகளையும் திறந்தேன். இரண்டும் அவசரக் குறி போட்டவை.

"திருவேங்கடம், துளைக் குடில் வெப்பப் படத்துல மங்குது. ஆவி மூடியிருக்கு, மேலேர்ந்து ஒண்ணும் தெரியல. உங்க விரிசல் படம் எந்த நிலையில இருந்தாலும் உடனே அனுப்புங்க. அது இல்லாம எறங்குகலத்த எங்க எறக்குறதுன்னு தெரியல."

"படம் அனுப்புங்க. உங்க பேர்லயே வரட்டும். என் பேரு வேண்டாம். ப்ளீஸ்."

09:50
படத்தை அனுப்பினேன். அவளுடைய ஆறு தூதுகளையும் அனுப்பினேன். எப்போது வந்தவை என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

10:05
கருணாமூர்த்தி: "படம் கெடைச்சுது. நசீர் எறங்குறான். மத்ததெல்லாம் அப்பறம் பேசலாம். நீங்க அவகிட்ட பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை. மேற்கே போ. தொண்டை கட்டிவிட்டது. மேற்கே. செங்கோடன் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டான் என்றும் சொன்னேன். தேன் அனுப்புகிறான் என்று சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரட்டும் என்று. ஏன் சொன்னேனோ.

மாலை 15:40
இறங்குகலத்தை ஓட்டும் நசீரின் குரல். நாகூர்ப் பையன், எப்போதும் கத்திப் பேசுவான். இன்று கத்தவில்லை.

"சார், கிழக்குத் தட்டு மேல நிக்கிறேன். தட்டுன்னு சொல்ல பாதிதான் மிச்சம். தத்துக்கிளியோட கால்தடம் தெரியுது. நாலு எடத்துல தாவி வந்திருக்காங்க. கடைசித் தடத்துக்கிட்ட விளிம்பு. அதுக்கு அங்கிட்டு பள்ளம், ஆவி பொங்குது."

நான் கேட்டேன், எப்போது என்று.

"மொத மூணு தடமும் பனி விழுந்து மூடிக் கெடக்கு சார். கடைசித் தடத்துல பனியே இல்ல. அதுல வண்டி நின்னுக்கிட்டே இருந்திருக்கு. விளிம்பு ஒடைஞ்ச எடமும் புதுசு. இன்னைக்குக் காலைல தான் சார். ஏழு, எட்டு மணிவாக்குல."

ஏழு, எட்டு மணிக்கு நான் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று.

பணி நாள் 409

தூங்கவில்லை. கருணாமூர்த்தி எழுத்தில் விளக்கம் கேட்கிறார். திட்டவில்லை. ஒரு சொல்கூடத் திட்டவில்லை. திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மணியைக் கெடுத்தது அவர்கள்தான் என்று ஒரு பத்தி எழுதினேன். உண்மைதான். அறிக்கைக்காக மணி அடித்தார்கள். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உண்மையான ஒன்று எவ்வளவு அசிங்கமாக இருக்க முடியும். படத்தை அனுப்பியிருந்தால் அவளிடமும் ஒரு பிரதி இருந்திருக்கும். அவள் யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அலைவரிசையைத் திறந்தே வைத்திருக்கிறேன். மேற்கே போ என்று அவ்வப்போது சொல்கிறேன். நசீர் மேலே போய்விட்டான்.

பணி நாள் 410, 13:20

விளையாட்டு தானாகத் திரைக்கு வந்தது. இப்படி ஒரு கேள்வி அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. எங்களில் யாரும் ஆட்டம் தவறவிட்டதில்லை.

"எதிர் அரசு தொடர்ந்து ஆட்டத்தைத் தவறவிட்டுள்ளது. முத்தரசியின் நாட்டை உங்கள் நாட்டோடு இணைத்துக்கொள்ளலாமா?"

ஆம். இல்லை. இரண்டு பொத்தான்.

இல்லை என்று அழுத்தினேன்.

14:20
மறுபடி கேட்கிறது. இல்லை.

15:20
இல்லை. அவளுடைய துறைமுகத்தைப் பார்த்தேன், மேலிருந்து, எல்லாம் தெரிகிறது. ஆட்கள் நடக்கிறார்கள். முத்து ஏற்றிய இரண்டு படகுகள் கரையில் நிற்கின்றன. உத்தரவு வரவில்லை என்பதால் நிற்கின்றன.

16:20
இல்லை.

17:20
எரிச்சல் இல்லாமல் கேட்கிறது. இரண்டு இரவு தூங்காத கண் இழுக்கிறது. இல்லை என்றேனே

18:20
இல்